அம்மாவை ஏற்றிப் பார்த்துவிட்டு புக் பண்ணுங்கள்!

கார் வாங்கத் தீர்மானித்த பல குடும்பங்களின் பட்டியல் கடைசியில் இரண்டு வண்டிகளில் வந்து நிற்கிறது. ஒன்று, நான்கு மீட்டருக்குள் அடங்கும் காம்பாக்ட் எஸ்.யூ.வி-யின் டாப் வேரியன்ட்: ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல், மூன்று சிலிண்டர், டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக், சன்ரூஃப், பெரிய டச் ஸ்கிரீன். இன்னொன்று, 4.3 மீட்டர் நீளமுள்ள வண்டியின் நடு வேரியன்ட்: ஒன்றரை லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர். சன்ரூஃப் கிடையாது. ஆன்ரோடு விலையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. எதை எடுப்பது?

2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு சின்ன வண்டியின் பக்கம் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி-க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி-க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி 18 சதவிகிதம். அதைத் தாண்டினால் 40. முன்பு செஸ்ஸையும் சேர்த்து சின்ன பெட்ரோல் வண்டிக்கு 29, பெரியதற்கு 45 இருந்தது. பெரியதற்கும் குறைந்திருக்கிறது, சின்னதற்கு அதிகம் குறைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இன்னொரு கோடும் உண்டு. 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட சாலை வரிப்படி, வண்டியின் விலை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டால் வரி விகிதமும் ஒரு படி ஏறிவிடும். பத்து லட்சத்தை ஒட்டிய வேரியன்ட்டில் ஓர் ஆசைக்காக அடுத்த படிக்குத் தாவுகிறவர்கள், வரியாக மட்டுமே ஒரு தொகையைக் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். ஆகவே, எக்ஸ்-ஷோரூம் விலையை வைத்து ஒப்பிடாதீர்கள்.

உழைப்பு என்று பார்த்தால், என் ஓட்டு டர்போ இல்லாத இன்ஜினுக்கு. டர்போ மோசம் என்பதல்ல காரணம். அது ஒழுங்கான பராமரிப்பைக் கேட்கும் இயந்திரம். அதன் விசிறி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுற்றுகிறது. அதைத் தாங்கிப்பிடிப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலை, சொன்ன நேரத்தில் மாற்றினால் அது நன்றாகவே உழைக்கும். வாரன்டி முடிந்ததும் தெருமுனை மெக்கானிக்கிடம் போய், கையில் இருக்கிற ஆயிலை ஊற்றிக்கொண்டு வருவதுதான் நம் ஊர் வழக்கம். நான்காவது, ஐந்தாவது வருடத்தில் செலவு அங்கிருந்துதான் கிளம்புகிறது. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை இன்ஜின் என்றால் இன்னொன்றும் சேரும். பெட்ரோல் இன்டேக் வால்வின் மேல் படாமல் போவதால், அங்கே கரி படியும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத்தான் வண்டியை மாற்றுவேன் என்பவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கியர்பாக்ஸும் அப்படித்தான். சின்ன வண்டிகளில் வரும் டூயல் கிளட்ச்சில் பெரும்பாலானவை டிரை கிளட்ச். கிளட்ச் தகடுகளைக் குளிர்விக்க ஆயில் கிடையாது. தீபாவளிக்கு முந்தைய இரவு பெருங்களத்தூர் தாண்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்கிறது, சூடேறுகிறது, டேஷ்போர்டில் எச்சரிக்கை எரிகிறது. ஓரம்கட்டி ஆறவிட வேண்டியதுதான். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்பவர்கள் டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டியைத் தேடுங்கள். மலைப்பாதையிலும் நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போதும் டர்போவின் இழுவை தனி சுகம் என்று அதன் ரசிகர்கள் சொல்வதை மறுக்கவில்லை.

இன்ஜின் விஷயத்தை இத்தனை பேர் இத்தனை விதமாக அலசுகிறார்கள். எனக்குக் கவலை வேறொரு இடத்தில். ஷோரூமில் போய் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். டெஸ்ட் டிரைவுக்கு வருபவர் தனியாகவோ மனைவியுடனோ வருகிறார். ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறார், பிக்கப்பைப் பார்க்கிறார், ஏ.சி-யை ஓடவிடுகிறார், சன்ரூஃபைத் திறந்து மூடுகிறார். பின் கதவைத் திறந்து ஒரு பார்வை. 'இடம் இருக்கு' என்று சொல்லிவிட்டு மூடுகிறார். அடுத்த பத்து வருடம் அங்கே உட்காரப்போகிற அம்மாவும் மாமனாரும் பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் அந்த வண்டியை முதன்முதலாகப் பார்ப்பது, டெலிவரி எடுத்துக் கோயில் வாசலில் பூஜை போடும்போது.

திருச்சியில் வங்கியில் வேலைபார்க்கும் ஒருவர் இப்படித்தான் வாங்கினார். அவருடைய தாய்க்கு முட்டி மாற்று அறுவைசிகிச்சை செய்திருக்கிறது. “கிரவுண்ட் கிளியரன்ஸ் 200 மில்லிமீட்டருக்கு மேலன்னு பெருமையா சொன்னாங்க. அம்மாவுக்கு அந்த உயரம்தான் பிரச்னை. கதவோட அடிப்பட்டையைத் தாண்டி காலைத் தூக்கி வைக்க முடியலை. இப்போ கோயிலுக்குக் கூப்பிட்டாலே, 'நீங்க போயிட்டு வாங்கடா'ங்கிறாங்க” என்கிறார். குடும்பத்தோடு போய்வரத்தான் அந்த வண்டியை வாங்கியிருக்கிறார்.

வயதானவர்களுக்கு வண்டி மிகத் தாழ்வாக இருந்தாலும் கஷ்டம், மிக உயரமாக இருந்தாலும் கஷ்டம். இருக்கை எவ்வளவு உயரம் என்பதோடு வேலை முடிவதில்லை. கதவின் அடிப்பட்டை எவ்வளவு உயரம், அது எவ்வளவு அகலம், கதவு எத்தனை டிகிரி திறக்கிறது, பின் சக்கர வளைவு கதவுத் திறப்புக்குள் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். புடவை கட்டிய அறுபத்தைந்து வயதுப் பெண் முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புவார். அதற்கு, முன் சீட்டின் முதுகுக்கும் கதவு ஓரத்துக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும். கூரை பின்பக்கமாகச் சரியும் கூபே பாணி வண்டிகளில் தலையையும் குனிய வேண்டும். எந்த பிரோஷரிலும் இந்த அளவுகள் இல்லை. ஆளை அழைத்துக்கொண்டு போய், மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள முடியும். ஒரு முறை எல்லோரும் சமாளித்துவிடுவார்கள். மூன்றாவது முறைதான் முட்டி பேசும்.

இங்கே நீளமான வண்டிக்குத் தெளிவான லாபம் உண்டு. பலரும் நினைக்கிற இடத்தில் அது இல்லை. நான்கு மீட்டர் வண்டியின் அகலம் 1.8 மீட்டருக்குப் பக்கத்தில், 4.3 மீட்டர் வண்டியின் அகலமும் கிட்டத்தட்ட அதேதான். அதாவது, மூன்று பெரியவர்கள் தோளோடு தோள் உரசுவது இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கூடுதல் நீளம் போவது முழங்காலுக்கும் டிக்கிக்கும். பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையைப் பொருத்திப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். சின்ன வண்டியில் அதற்காக முன் சீட்டை டேஷ்போர்டு பக்கம் தள்ள வேண்டியிருக்கும். அதில் உட்காருபவரின் முழங்கால் இடிக்கும். கடைசியில் என்ன நடக்கும்? குழந்தை இருக்கை பரணுக்கும், குழந்தை அம்மா மடிக்கும் போய்விடும்.

மடியில் குழந்தை என்றால் பாதுகாப்பு என்றே நம்மில் பலர் நம்புகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி, முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்றால், உள்ளே இருக்கும் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த சுமார் 200 கிலோ எடையைத் தாங்கும் விசை வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அந்த வலு கிடையாது. பின் சீட்டில் பெல்ட் போடாத பெரியவர் என்றால், அவர் முன் சீட்டின் முதுகில் போய் மோதுவார்; முன்னால் பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்து நசுக்குவார்.

2022 செப்டம்பரில், நாடறிந்த தொழிலதிபர் ஒருவர் மகாராஷ்டிராவில் நடந்த கார் விபத்தில் பின் சீட்டில் பெல்ட் அணியாத நிலையில் உயிரிழந்தார். மிக விலை உயர்ந்த வெளிநாட்டு வண்டி அது. சில வாரங்கள் நாடு முழுக்க பின் சீட் பெல்ட்டைப் பற்றிப் பேசினோம். சட்டம் அதற்கு முன்பே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவுப்படி, பெல்ட் போடாத பயணியை ஏற்றிச் சென்றாலும், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றாலும் ஆயிரம் ரூபாய் அபராதம். எச்சரிக்கை ஒலி தொல்லையாக இருக்கிறதென்று, பெல்ட் செருகும் இடத்தில் வெறும் உலோக நாக்கை மாட்டிவைக்கிறார்கள். 2023-ல் மத்திய அரசு தலையிட்டு, இணையக் கடைகளில் இருந்த 13,000-க்கும் மேற்பட்ட அத்தகைய விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. அந்தச் சின்ன உலோகத் துண்டுக்கு இத்தனை விற்பனைப் பக்கங்களா என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

“ஐந்து ஸ்டார் வண்டிதானே?” என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்மோதல் சோதனை நடக்கும்போது, பெரியவர் உருவப் பொம்மைகள் இரண்டும் முன் சீட்டுகளில் இருக்கும். பின் சீட்டில் ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைகளின் பொம்மைகள், அவையும் குழந்தை இருக்கையில் கட்டப்பட்டு இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு மதிப்பெண், குழந்தைகளுக்கு ஒரு மதிப்பெண்: முறையே 32-க்கும் 49-க்கும். அந்த முன்மோதலில் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்கள் அப்பாவுக்கு என்ன ஆகும் என்பதை அந்த ஸ்டார் அளக்கவில்லை. குழந்தைக்குக் கிடைத்த ஸ்டாரும், நீங்கள் குழந்தை இருக்கை வாங்கி ஒழுங்காகப் பொருத்தினால்தான் செல்லும். ஸ்டார்களைப் பாருங்கள், அவசியம் பாருங்கள். இரண்டு மதிப்பெண்களையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் சன்ரூஃப் மீது எனக்குக் கோபம் வருகிறது. டாப் வேரியன்ட்டுக்குத் தாவவைப்பதே அதுதான். வாங்கிய பிறகு அது யாருக்குப் பயன்படுகிறது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஞாயிறு மாலை நின்று பாருங்கள். கூரைக்கு மேலே பாதி உடம்பு தெரிய, கையை விரித்தபடி பிள்ளைகள் போகிறார்கள். கீழே ஓட்டுபவர் ஒரு நாய்க்காக பிரேக் அடித்தால் போதும்.

மலைக்குப் போகிறவர்கள் பின் ஜன்னலையும் பார்க்க வேண்டும். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. பக்கவாட்டுத் தகடு உயர்ந்து, கண்ணாடி குறுகிப்போன இன்றைய டிசைனில், எட்டு வயதுப் பிள்ளைக்கு வெளியே எதுவும் தெரிவதில்லை. கண் வண்டியின் உள்ளேயே நிற்க, உடம்பு மட்டும் வளைந்து வளைந்து போனால் குமட்டத்தான் செய்யும். பெரிய வீல், மெல்லிய டயர் என்று அலங்கரித்த வேரியன்ட்டில், பெயின்ட் அடிக்காத ஊர்ப்புற வேகத்தடை ஒவ்வொன்றும் பின் சீட்டில் இருப்பவரின் இடுப்புக்கு வந்துசேரும். டெஸ்ட் டிரைவில் பாதி தூரம் சேல்ஸ்மேனை ஓட்டச்சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். மறுப்பவர்களை நான் பார்த்ததில்லை.

நடு சீட்டில் ஒரு நிமிடமாவது உட்காருங்கள். மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, தலை சாய்க்க ஹெட்ரெஸ்ட் இருக்கிறதா, ஏ.சி வென்ட் முழங்காலை இடிக்கிறதா? ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அது யாரோ ஒருவரின் நிரந்தர இடம், பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணுடையது.

என் தேர்வு, நீளமான வண்டியின் நடு வேரியன்ட். சந்துக்குள் நிறுத்த சின்னதுதான் வசதி. பின்னால் பெரும்பாலும் யாரும் உட்காரப்போவதில்லை என்பவர்களுக்கு அதுவே போதும்.

டெலிவரி எடுத்த கையோடு சீட் கவர் போடக் கிளம்புவார்கள். அங்கேயும் கூடவே நில்லுங்கள். முன் சீட்டின் ஓரத்தில் தைத்துவைக்கப்பட்டிருக்கும் சைடு ஏர்பேகை, அதற்கென்று தைக்கப்படாத கவர் அடைத்துவிடும். பின் சீட்டில் பெல்ட்டின் பக்கிள்கள் கவருக்கு அடியில் புதைந்துபோகும். தோண்டி எடுத்து மாட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. கவர் போட்டு முடித்த பிறகு, மூன்று பக்கிளும் ஒரு கையால் எட்டும்படி மேலே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். குழந்தை இருக்கையை புக் பண்ணும் வாரமே வாங்கிவிடுங்கள்; வண்டி எடுக்கும் அன்று கையோடு கொண்டுபோய், ஐசோஃபிக்ஸ் கொக்கியில் அது 'டக்'கென்று பூட்டுகிறதா என்று ஷோரூம் வாசலிலேயே பொருத்திப் பாருங்கள்.