விளையாட்டுக்கு வாடகை

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ராஜகிரியின் உச்சியை அண்ணாந்து பார்த்து மலைப்பார்கள். கல்யாண மஹாலின் நிழலில் சற்று உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். நெற்களஞ்சியத்தின் பருத்த சுவர்களைத் தட்டிப் பார்த்து அதிசயிப்பார்கள். உட்கோட்டையிலுள்ள உடற்பயிற்சிக் கூடத்தை மட்டும் அநேகர் கவனிக்காமலே போய்விடுவது வழக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்முடைய பள்ளிப் பிள்ளைகள் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், கூடத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஸார்! இங்கே பயிற்சி செய்வதற்கு ராஜா காசு வாங்கினாரா?" என்று கேட்டான்.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவனுடைய தகப்பனார் நெல் மண்டியில் மூட்டை சுமக்கிறவர். அண்ணன் சென்னையில் வேலை பார்க்கிறான். அங்கே பந்து விளையாட வேண்டுமானால் மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டியாக வேண்டும் என்று அவன் சொல்லியிருக்கிறானாம். "அது ராஜாவின் வீரர்களுக்காகக் கட்டிய கூடம், ஊர்ப் பிள்ளைகளை உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள்" என்று பதில் சொல்லி வைத்தோம். வீடு திரும்பிய பிறகு அந்தப் பதில் நமக்கே திருப்தியளிக்கவில்லை. முடியரசு போய்க் குடியரசு வந்த பிறகும், ஊர்ப் பிள்ளை விளையாட்டுத் திடலின் வாசலில் நிற்க வேண்டியதுதானா?

சென்னையில் நடந்தது

சென்னை மாநகராட்சி மிகப் பழைய ஸ்தாபனம். 1688-ம் ஆண்டில் அது தோன்றியது. மொகலாயப் படை நம் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிடத் தொடங்கியதற்கு இரண்டு ஆண்டு முந்தி! அவ்வளவு நீண்ட அநுபவமுள்ள மாநகராட்சி, 2024-ம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. செயற்கைப் புல்தரை அமைத்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியார் வசம் ஒப்படைப்பது. விளையாட வருகிறவர் ஒவ்வொருவரிடமும் மணிக்கு 120 ரூபாய் வசூலிப்பது - இதுவே தீர்மானத்தின் சாரம்.

120 ரூபாய் என்ன பிரமாதம் என்று சில நேயர்கள் எண்ணலாம். நாம் கணக்கு வாத்தியார் அல்ல. ஆயினும் இந்தக் கணக்குக்கு வாத்தியார் தேவையில்லை. நாளைக்கு ஒரு மணி நேரம் விளையாடும் சிறுவனுக்கு மாதம் 3,600 ரூபாய் ஆகிறது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் 7,200 ரூபாய். ஒரு வருஷத்துக்கு எண்பத்தாறாயிரத்துக்கும் மேல்! வட சென்னையில் வியாசர்பாடி போன்ற பகுதிகளில் கால்பந்து விளையாட்டு மட்டுமல்ல; தெருவில் தறிகெட்டுத் திரியாமல் பிள்ளைகளைக் கட்டிக் காக்கும் காவலாகவும் அது இருந்து வருகிறது. அந்தக் குடும்பங்கள் இந்தத் தொகைக்கு எங்கே போவது?

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. மன்றத்திலேயே சில உறுப்பினர்கள் ஆட்சேபித்தார்கள். வெளியே கட்சி வித்தியாசமின்றிக் கண்டனம் எழுந்தது. ஓரிரு நாளுக்குள் தீர்மானம் வாபஸ் பெறப்பட்டது. திடல்களை மாநகராட்சியே பராமரிக்கும், விளையாடக் கட்டணமில்லை என்று அறிவிப்பும் வந்தது. தவற்றை உணர்ந்து திருத்திக் கொள்ளும் ஸ்தாபனத்தைப் பாராட்டவே வேண்டும்.

மறு பக்கம்

ஆனால், விஷயம் அத்துடன் முடிந்துவிடவில்லை. தீர்மானம் தோன்றியதற்குக் காரணம் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? செயற்கைப் புல்தரை என்பது போட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய பாயல்ல. அதைப் பெருக்க வேண்டும். கிழிந்த இடத்தைத் தைக்க வேண்டும். சில ஆண்டுகள் சென்றால் முழுவதையும் மாற்ற வேண்டும். இரவு விளக்குக்கு மின்சாரச் செலவு, காவற்காரருக்குச் சம்பளம், கழிப்பறைக்குத் தண்ணீர். இவற்றை நகர சபை ஒழுங்காகச் செய்யாமல் விட்டால், இலவசத் திடல் இரண்டே வருஷத்தில் மாடு மேயும் பொட்டலாகிவிடும். திறப்பு விழாவன்று புகைப்படத்தில் அழகாக விளங்கிய பூங்காக்கள் பிற்பாடு பூட்டிக் கிடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஊஞ்சலின் சங்கிலி அறுந்து, சறுக்கு மரத்தில் துரு ஏறி, குழந்தையின் காலைக் கிழிக்கும் இலவசத்தைக் காட்டிலும் ஒழுங்காக நடக்கும் குத்தகை மேல் என்று ஒரு தாயார் சொன்னால் அதையும் அலட்சியம் செய்ய முடியாது.

ஆகவே, குத்தகை என்ற சொல்லைக் கேட்டதும் கோபங்கொள்வதோ, தனியார் என்றதும் கைகூப்புவதோ நியாயமாகாது. எந்த நிபந்தனையில் விடுகிறோம், விட்ட பிறகு எப்படிச் சோதிக்கிறோம் என்பதே கேள்வி.

இங்கிலாந்தின் பாடம்

இந்தச் சோதனையை நீண்ட காலம் செய்து பார்த்த தேசம் இங்கிலாந்து. 1988-ம் ஆண்டின் ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தைத் தொடர்ந்து, 1989-ல் விளையாட்டு நிலையங்களையும் நீச்சல் குளங்களையும் நடத்தும் பொறுப்பைக் கட்டாயமாகப் போட்டி டெண்டருக்கு விட வேண்டும் என்று அங்கே உத்தரவாயிற்று. கட்டடம் சபையினுடையது, நடத்துகிறவர் மட்டும் ஒப்பந்தக்காரர். ஆனால், அங்கேயும் கட்டணம் எவ்வளவு, கதவு எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், எந்த வேளை யாருக்கு என்பவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஸ்தல சபைகள் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ள இடமிருந்தது. லாபம் தேடுகிறவனிடம் விலைச் சீட்டையும் கொடுத்துவிடக் கூடாது என்ற விவேகம் அது.

லண்டன் மாநகரின் கிரீனிச் பகுதியில் வேறு வழியொன்று கண்டார்கள். சபையிடம் பணம் குறைந்தபோது, 1993-ல் நிலையங்களை ஒரு சங்கத்திடம் ஒப்படைத்தார்கள். வரும் லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் நிலையங்களுக்கே செலவிடுவது அந்தச் சங்கத்தின் விதி. ஊழியர்களுக்கும் நிர்வாகத்தில் இடமுண்டு. அது வளர்ந்து, பிற்காலத்தில் வேறு பல சபைகளின் நிலையங்களையும் நூல்நிலையங்களையும் ஏற்று நடத்தலாயிற்று.

எல்லாம் சுகமே என்று சொல்லிவிட முடியாது. 2020-ம் ஆண்டில் கொள்ளை நோயினால் நிலையங்கள் மூடப்பட்டபோது, நடத்துகிறவர்களுக்கு வருமானம் நின்றது. ஸ்தல சபைகள் கைகொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு எரிபொருள் விலை ஏறியது; நீச்சல் குளத்தைச் சூடாக்கக் கட்டுப்படியாகவில்லை. 2023-ல் அந்நாட்டுச் சர்க்கார் நீச்சல் குளங்களைக் காப்பாற்ற 6 கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. நல்ல காலத்தில் ஒப்பந்தக்காரர், கெட்ட காலத்தில் வரி கொடுப்பவர் - இதை நாம் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே நினைவில் கொள்ள வேண்டும்.

மதிப்பெண் போடுவது எப்படி?

பரீட்சைத் தாள் திருத்துவது நம்முடைய தொழில். குத்தகைக்கு விட்ட திடலுக்கு மதிப்பெண் போடச் சொன்னால் நாம் ஐந்து கேள்விகள் கேட்போம்.

முதலாவது, யார் வருகிறார்கள்? வசூல் பெருகியிருக்கலாம், முன்பு வந்த நூறு ஏழைப் பிள்ளைகள் போய், அந்த இடத்துக்கு இருபது வசதியுள்ள வாலிபர்கள் வந்திருந்தாலும் வசூல் பெருகும். ஆகையால் பணப்பெட்டியை எண்ணுவதற்கு முன் தலைகளை எண்ண வேண்டும். பெண் குழந்தைகளைத் தனியாக எண்ண வேண்டும்.

இரண்டாவது, கட்டணமின்றி விளையாடும் நேரம் எது? காலை பத்து மணிக்கு இலவசம் என்றால் பிள்ளைகள் அப்போது பள்ளியில் இருப்பார்கள். மாலை நாலரை மணிக்கு இலவசமா என்பதே கேள்வி.

மூன்றாவது, இடம் எந்த நிலையில் இருக்கிறது? விளக்கு, தண்ணீர், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி இவற்றை முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்க வேண்டும்.

நான்காவது, முறையீட்டை யாரிடம் சொல்வது? சபையைக் கேட்டால் ஒப்பந்தக்காரர் என்றும், ஒப்பந்தக்காரரைக் கேட்டால் சபை என்றும் கை காட்டினால் அந்த ஏற்பாடு தோற்றுவிட்டது என்று அர்த்தம்.

ஐந்தாவது, தவறினால் திரும்பப் பெற வழி உண்டா? ஒப்பந்தமும் வருஷாந்தரக் கணக்கும் ஜனங்கள் படிக்கும்படி தமிழில் வெளியிடப்பட வேண்டும்.

சட்டமும் பொது ஜனங்களின் பக்கத்தில் நிற்கக்கூடியதே. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த உத்தரவு செல்லாது என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் அக்கம்பக்கத்தில் குடியிருந்த சாதாரண மனிதர்கள். மருத்துவமனையும் நல்ல காரியந்தான். ஆனாலும் குழந்தைகளின் திறந்த வெளியை அதற்காகப் பறிக்கலாகாது என்றார்கள்.

நமது ஊர்

2025-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் காலத்துப் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக, உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. நமக்குப் பெருமைதான். பெருமை வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் காலி இடத்துக்கு விலை வரும். வண்டி நிறுத்தவும் கடை போடவும் இடம் தேடும் கண்கள் முதலில் விழுவது பிள்ளைகள் பந்தாடும் வெளியின் மேல்தான். ஆகவே, அப்படி யாரேனும் ஒரு யோசனையுடன் வந்து நிற்பதற்கு முன்பே நம் பேரூராட்சியார் மேற்சொன்ன ஐந்து கேள்விகளையும் எழுதி வைத்துக்கொள்வது நலம்.

புராதனச் சின்னங்களைக் காக்கும் தொல்பொருள் இலாகா கூட, பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. ராஜாவின் கோட்டைக்குள்ளேயே காசின்றிப் போகும் சிறுவன், தன் ஊர்த் திடலுக்குள் போகக் காசு கொடுப்பானேன்?

சென்ற வாரம் அந்த ஏழாம் வகுப்பு மாணவனை மறுபடி கூப்பிட்டு, சென்னையில் தீர்மானத்தை வாபஸ் பெற்ற வரலாற்றைச் சொன்னோம். அவன் சிறிது நேரம் யோசித்தான். "அப்படியானால் கேட்டால் கொடுப்பார்கள், இல்லையா ஸார்?" என்றான். "கேட்டார்கள், கொடுத்தார்கள்" என்றோம். அந்தக் கேள்வியை அவன் நம்மிடம் கேட்டுவிட்டான். பேரூராட்சி மன்றத்தில் கேட்க வேண்டியவர்கள் அவனைப் பெற்றவர்களும் நாமுந்தான்.