பூட்டிய வீட்டின் மாடித்தோட்டம்

ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் மாடிக்கு ஓடி, தொட்டிகளுக்கு அடியிலிருக்கும் தட்டுகளை விளிம்புவரை நிரப்பிவிட்டு வருவது பலருக்கும் வழக்கம். செடி கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும் என்ற நம்பிக்கை. ஆனால், செடிக்கு முன்னால் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்திக்கொள்வது ஏடிஸ் கொசு. டெங்குவைப் பரப்பும் இந்தக் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. தெளிந்த, அசையாத தண்ணீர் ஒரு தட்டில் இருந்தால் போதும். நம் ஊர் வெக்கையில் முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டச் சொல்வது இதனால்தான். பூட்டிய வீட்டில் கொட்ட ஆளில்லை.

முட்டைகள் தண்ணீர் மட்டத்தை ஒட்டி, தட்டின் உட்சுவரில் கருநிறப் பொடிப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும். தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, அடுத்து நனையும்போது பொரியும். ஆகவே, வெறுமனே கொட்டினால் போதாது. தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். மணிபிளான்ட் பாட்டில், மூடியில்லாத வாளி, மடித்துப் போட்ட தார்ப்பாய் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கொசு உற்பத்தியாகும் தேக்கநீரை வீட்டில் வைத்திருப்பவருக்கு நோட்டீஸ் கொடுக்க, 1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி உள்ளாட்சி அமைப்புக்கு அதிகாரம் உண்டு. அபராதமும் விதிக்கிறார்கள். அதைவிடப் பெரிய கவலை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வரும் காய்ச்சல்.

சரி, செடிக்கு என்ன வழி? நாலைந்து நாள் பயணமென்றால் கருவி எதுவும் வேண்டாம். கிளம்பும் நாள் காலையில் அடித்துளை வழியே வடியும்வரை தண்ணீர் விட்டு, தொட்டிகளைச் சுவர் நிழலில் நெருக்கி வைத்து, மண்மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ இரண்டு அங்குலம் மூடாக்குப் போட்டால் பெரும்பாலான செடிகள் தாக்குப்பிடிக்கும். கீரை தாங்காது, அறுத்துச் சமைத்துவிடுங்கள். காய்த்திருக்கும் தக்காளியையும் கத்தரியையும் பறித்துவிட்டால் செடியின் தண்ணீர்த் தேவை குறையும். கற்றாழையைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புகிறவர்களுக்கு ஆபத்து நேர்மாறானது: சருகு அடைத்த மழைநீர்க் குழாயால் மொட்டைமாடியே குளமாகும். குழாய் வாயைச் சுத்தம் செய்யாமல் வீட்டைப் பூட்டாதீர்கள்.

பத்து நாள் பயணமென்றால் பலர் சொட்டுநீர்க் குழாயும் டைமரும் வாங்குகிறார்கள். இங்கேதான் ஏமாற்றமும் சேதமும் அதிகம். தண்ணீர்த் தொட்டி ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பார். அதே மாடியில் இரண்டு மீட்டர் உயரத்திலுள்ள டேங்க் தருவது 0.2 பார்தான். சோலனாய்டு வால்வு வைத்த டைமர்கள் பலவற்றுக்கு இது போதாது. வால்வு திறக்காமல் போகலாம், திறந்தது சரியாக மூடாமலும் போகலாம். மூடாவிட்டால் டேங்க் காலியாகும். தானியங்கி மோட்டார் மறுபடி நிரப்பும். சம்ப் வற்றும்வரை இது நடக்கும். தளத்தில் விரிசல் இருந்தால் கீழ்வீட்டுக் கூரையில் கசியும். உங்கள் கவனக்குறைவால் வந்த சேதம் என்றால் கீழ்வீட்டுக்காரர் உங்களிடம் இழப்பீடு கேட்டு உரிமையியல் நீதிமன்றம் போகலாம்.

டேங்க்கோடு டைமரை நேரடியாக இணைக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. இறுக்கமான மூடியுள்ள 200 லிட்டர் டிரம் ஒன்றைத் தனியாக உயர்த்தி வையுங்கள். முப்பது தொட்டிக்கு நாளொன்றுக்குத் தலா முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக விட்டால் பத்து நாள் ஓடும். எது பழுதானாலும் இழப்பு அந்த 200 லிட்டரோடு நிற்கும். டைமர் அழுத்தமில்லாமலும் இயங்கும் பந்து வால்வு வகையா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் சொட்டும் டிரிப்பரில் ‘மணிக்கு 4 லிட்டர்’ என்றிருப்பது பொதுவாக 1 பார் அழுத்தத்துக்கான கணக்கு. டிரம்மிலிருந்து அவ்வளவு வராது. அடியில் ஒரு டம்ளரை வைத்து, பத்து நிமிடத்தில் எவ்வளவு விழுகிறது என்று அளந்து நேரத்தைக் கூட்டுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஓடவிட்டுப் பார்ப்பது அவசியம்.

தேவையான அழுத்தத்தை மறைத்து விற்றிருந்தாலோ, பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இயங்காவிட்டாலோ சும்மா இருக்க வேண்டாம். இணையத்தில் வாங்கிய பொருள் பழுதாகவோ விளம்பரத்துக்கு மாறாகவோ இருந்தால் விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். பொருள் வாங்கிய இணையதளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பில், பெட்டி, அட்டையில் அச்சிட்ட விவரம், பொருள் இயங்காததைக் காட்டும் வீடியோ ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் மொட்டைமாடியைப் பொதுப்பகுதிகளில் ஒன்றாகச் சொல்கிறது. டிரம்மும் குழாயும் வைக்கச் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் யாராவது அகற்றினால் பேச ஆதாரம் இருக்கும். வாடகைக்கு இருப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு: செடிக்கு ஊற்றுவதாகக் கோபித்துக்கொண்டு வீட்டுக்காரர் தண்ணீர் இணைப்பையே நிறுத்தினால், 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

இவ்வளவும் செய்தாலும், மாடி ஏறிப் பார்க்க ஒரு மனிதர் இருப்பதுபோல் வராது. பக்கத்து வீட்டு அக்காவிடமோ வாட்ச்மேன் அண்ணனிடமோ மாடிச் சாவியை மட்டும் கொடுத்து, எந்த வால்வைத் திருகினால் தண்ணீர் நிற்கும் என்பதைக் கையோடு காட்டிவிட்டுப் போங்கள். வாட்ச்மேனுக்கு இது கூடுதல் வேலை. அதற்கான கூலியைக் கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள். வீடு பூட்டியிருக்கும் தகவலை உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.