மாட்டுண்ணிக் கட்டுப்பாடு

மாட்டுண்ணிக் கட்டுப்பாடு என்பது கால்நடைகளின் குருதியை உறிஞ்சி வாழும் உண்ணிகளையும், அவை பரப்பும் நோய்களையும் குறைக்கும் முறைகளின் தொகுப்பு ஆகும். உண்ணி ஒரு பூச்சி அன்று. சிலந்தி, தேள் ஆகியவற்றின் வகுப்பைச் சேர்ந்த கணுக்காலி. இந்தியாவில் மாடுகளை மிகுதியாகத் தாக்குவது ரைப்பிசெஃபாலசு மைக்ரோப்பிளசு என்னும் இனமாகும். உண்ணிகள் நோய் பரப்புவதை 1893 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான தியோபால்ட் சிமித், கில்போர்ன் ஆகியோர் டெக்சாசுக் காய்ச்சல் ஆய்வின் மூலம் மெய்ப்பித்தனர்.

வாழ்க்கைச் சுழற்சி

இவ்வினம் இளவுயிரி, அணங்கு, முதிர்ந்த உண்ணி ஆகிய மூன்று நிலைகளையும் ஒரே மாட்டின் உடலில் ஏறத்தாழ மூன்று வாரங்களில் கடக்கின்றது. குருதி குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, கொட்டகையின் வெடிப்புகளிலும் புல்லடியிலும் 2000 முதல் 3000 வரையான முட்டைகளை இடுகின்றது. முட்டையும் இளவுயிரியும் வறட்சியில் மடியக்கூடியவை. எனவே கடலூர் மாவட்டத்துக் கிள்ளை போன்ற ஈரப்பதம் மிக்க கடலோர ஊர்கள் அவற்றுக்கு ஏற்றவை. எந்த நேரத்திலும் உண்ணிகளில் மிகப் பெரும்பாலானவை மாட்டின் மேல் இல்லாமல் சுற்றுப்புறத்திலேயே இருக்கின்றன. மாட்டுக்கு மட்டும் மருந்திடுவது பயனளிக்காமைக்கு இதுவே முதற்காரணம்.

மருந்து எதிர்ப்பு

ஒரே மருந்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும்போது, அதைத் தாங்கும் ஒரு சில உண்ணிகள் மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. ஆத்திரேலியாவில் 1930களிலேயே ஆர்செனிக் மருந்து இவ்வாறு வலுவிழந்தது. டெல்டாமெத்ரின், சைப்பர்மெத்ரின் ஆகியவற்றைத் தாங்கும் உண்ணிகள் இந்தியாவிலும் காணப்படுகின்றன. மேலும், ஐவர்மெக்டின் பாலில் எஞ்சக்கூடியது. ஓரிரு கறவை மாடுகளை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது மருந்துச் செலவு, பால் இழப்பு என இரட்டைச் சுமையாகும்.

நிலைத்த முறைகள்

* கொட்டகைப் பராமரிப்பு: சுவர், தரை வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு பூசுதல், சாணத்தையும் குப்பையையும் உடனுக்குடன் அகற்றுதல். கோழிகள் உண்ணிகளைக் கொத்தித் தின்னும்.
* மேய்ச்சல் சுழற்சி: நிலத்தைச் சில மாதங்கள் ஒழிய விட்டால் இளவுயிரிகள் பட்டினியால் மடியும்.
* மூலிகைத் தெளிப்பு: தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை மருத்துவப் பரிந்துரையின்படி பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஆகியன ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி சேர்த்து அரைத்து, 1 லிட்டர் நீரில் கலந்து வடிகட்டி, வாரம் ஒருமுறை வெயில் நேரத்தில் மாட்டின் மீது தெளிக்க வேண்டும். கொட்டகை வெடிப்புகளிலும் தெளித்தல் இன்றியமையாதது.
* இனத் தேர்வு: செர்சி, ஓல்சுடீன் கலப்பினங்களை விட நாட்டு மாடுகள் உண்ணிகளை நன்கு எதிர்க்கின்றன.
* தடுப்பூசி: உண்ணியின் குடலிலுள்ள பிஎம்86 என்னும் புரதத்தைக் கொண்டு கியூபாவிலும் (1993) ஆத்திரேலியாவிலும் (1994) தடுப்பூசிகள் வெளியாயின. தடுப்பூசி பெற்ற மாட்டின் குருதியைக் குடிக்கும் உண்ணியின் குடல் சிதைந்து, அதன் முட்டைகள் குறைகின்றன.
* உயிரியல் கட்டுப்பாடு: மெட்டாரைசியம் என்னும் பூஞ்சை உண்ணியின் தோலைத் துளைத்து அதைக் கொல்கின்றது. ஆயினும் கடும் வெயில் அதன் ஆற்றலைக் குறைக்கின்றது.

எச்சரிக்கை

பிடுங்கிய உண்ணியை விரலால் நசுக்கக் கூடாது. ஐயலோமா பேரின உண்ணிகள் மனிதருக்குக் கிரிமியா-கொங்கோ குருதிக்கசிவுக் காய்ச்சலைப் பரப்பக்கூடியவை. 2011 இல் குசராத்தில் இந்நோய் உயிரிழப்பை ஏற்படுத்தியது. கையுறை அணிந்து பிடுங்கி, மண்ணெண்ணெயில் இடுவது பாதுகாப்பானது. வேதி மருந்து தேவைப்படும்போது கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி, சரியான அளவில் பயன்படுத்த வேண்டும்.