நோயுற்ற வேளையில் செபம் எதற்காக?

உள்நோயாளர் பிரிவின் முன் காத்திருக்கும் குடும்பத்தினர் நம்மிடம் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு: "இத்தனை நாள் செபித்தோமே, நோய் ஏன் தணியவில்லை? எங்கள் விசுவாசம் போதவில்லையா?" நோயைக் காட்டிலும் இக்குற்றவுணர்வு சிலரை மிகுதியாக வருத்துகிறது. ஆகவே, கிறிஸ்தவ வாழ்வில் செபத்தின் நோக்கம் யாது என்பதைச் சுருக்கமாக விளக்க விழைகிறோம்.

செபம் கடவுளுக்குச் செய்தி அறிவிப்பதன்று. நம் தேவைகளை அவர் முன்னமே அறிவார் என்று இயேசுவே கற்பித்தார். அது அவரோடு கொள்ளும் உறவு. புகழ்தலும் நன்றி கூறுதலும் மன்னிப்பு வேண்டுதலும் அதில் அடங்கும். அழுகையும் முறையீடும் அடங்கும். 150 திருப்பாடல்களில் துயரப் புலம்பல்கள் பல உள்ளன. எனவே, வலியில் கடவுளிடம் "ஏன்?" என்று கேட்பது பாவமாகாது.

கெத்சமனியில் இயேசு துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகல வேண்டினார், அது அகலவில்லை. ஆயினும் தந்தையின் திருவுளத்தை ஏற்கும் வலிமை பெற்றார். தம் உடலில் தைத்த முள் நீங்குமாறு பவுல் மும்முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, தாங்கும் அருள் கிடைத்தது. இவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று எவரும் சொல்லார்.

செபம் மருந்துக்கு மாற்றும் அன்று. நோயுற்றால் இறைவனிடம் மன்றாடு, மருத்துவருக்கும் இடங்கொடு என்பதே சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரத்தின் அறிவுரை. நம் பகுதியினர் மதவேறுபாடின்றி நாடிச் செல்லும் வில்லியனூர் மாதா ஆலயம் லூர்து அன்னையின் பெயரைத் தாங்கியது. 1858இல் அன்னை காட்சியளித்ததாகக் கூறப்படும் பிரான்சின் லூர்து நகரில், குணமடைந்ததாகச் சொல்வோரை ஆராய மருத்துவர் குழு 1883 முதல் இயங்குகிறது. இதுவரை திருச்சபை புதுமை என ஏற்றவை ஏறத்தாழ 70 மட்டுமே. மருத்துவச் சான்றைத் திருச்சபையே இவ்வளவு மதிக்கும்போது, செபத்தை நம்பி மாத்திரையையோ இரத்தச் சுத்திகரிப்பையோ நிறுத்துவது தகாது. நேர்ச்சையாக நோன்பிருக்க விரும்பும் நீரிழிவு நோயாளர் முதலில் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

மற்றொரு தயக்கமும் உண்டு. குருவானவரை அழைத்தால் "முடிவு நெருங்கிவிட்டது" என்று நோயாளர் அஞ்சுவாரோ எனக் குடும்பத்தார் தள்ளிப்போடுகின்றனர். "அவஸ்தைப் பூசுதல்" என்ற பழைய பெயரே இவ்வச்சத்துக்கு ஒரு காரணம். ஆனால் 1963இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம், இது சாகுந்தறுவாயில் இருப்போருக்கு மட்டுமுரியதன்று என விளக்கி, "நோயில்பூசுதல்" என்னும் பெயரே பொருத்தமானது என்றது. கடும் நோயின் தொடக்கத்திலும் பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பும் இதனைப் பெறலாம்.

படுக்கையருகே செபிப்போர் சிலவற்றை நினைவிற் கொள்க. முதலில் நோயாளரின் விருப்பத்தைக் கேளுங்கள். குரலைத் தாழ்த்துங்கள், அடுத்த கட்டிலிலும் ஒருவர் துயில்கிறார். நீண்ட செபம் தேவையில்லை. சொற்கள் வராத இரவில் அவர் கையைப் பற்றி மௌனமாக அமர்ந்திருப்பதும் செபமே. துணையிருப்போரே, உங்கள் களைப்பையும் சினத்தையும்கூட இறைவன்முன் வையுங்கள்.

குணம் வேண்டிச் செபிப்போம். அது தாமதித்தாலும் செபம் வீணாகவில்லை. நோயாளரைத் தனிமையில் விடாதிருக்க அதுவே நமக்கு ஆற்றல் தருகிறது.