பைக் வாங்குகிறோமா, ஆண்டுகளை வாங்குகிறோமா?

சிங்கப்பூரில் ஒருவர் தம் பைக்கை விற்கப்போவதாகச் சொன்னால், நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சிஓஇ எப்ப முடியுது?" என்பதுதான். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை கை மாறியது, விழுந்து எழுந்ததா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பத்தாண்டுக்கு எடுத்த வாகன உரிமைச் சான்றிதழில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதே வண்டியின் வயது, உடல்நிலை, விலை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. கடந்த நான்கு மாதங்களாக இந்தக் கேள்வியோடுதான் தூங்கி எழுந்தேன்.

என் காலை நிகழ்ச்சி 6 மணிக்கு. நிலையத்தில் 5 மணிக்குள் இருக்க வேண்டும். அந்நேரத்தில் எம்ஆர்டி கிடையாது. தினமும் வாடகைக் காரில் போனால் சம்பளத்தில் ஒரு பகுதி அதிலேயே கரைந்துவிடும். அதனால் ஈசூனிலிருந்து ஒரு பழைய பஜாஜ் பல்சர் 200-இல்தான் போய்க்கொண்டிருந்தேன். விடிவதற்கு முன் புக்கிட் தீமா விரைவுச்சாலையில் போயிருக்கிறீர்களா? உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைக் கடந்து வேலைக்கு வரும் மலேசிய மோட்டார்சைக்கிளோட்டிகளின் விளக்குகள் ஒரு பக்கம், கனரக லாரிகள் ஒரு பக்கம். 90 கிலோமீட்டர் வேகத்தில் என் வண்டிக்கு மூச்சு முட்டும். பக்கத்தில் லாரி போனால் காற்று ஒரு தள்ளு தள்ளும். அப்போது ஒதுங்கி முன்னே போக இஞ்சினில் தெம்பு மிச்சம் இருக்காது.

2ஏ உரிமத்துக்குப் படித்தது அதற்காகத்தான். 2பி உரிமத்தில் 200 சிசி வரை ஓட்டலாம், 2ஏ இருந்தால் 400 வரை, அதற்கு மேலே 2ஆம் வகுப்பு. ஒவ்வொரு படிக்கும் இடையில் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். நான் தேர்ச்சி பெற்றபோது பல்சரின் சிஓஇ முடிய 9 மாதம் இருந்தது. மீட்டரில் 84,000 கிலோமீட்டர். ஆக, ஏதாவது ஒன்று செய்தாக வேண்டிய நிலை.

"ஏன்டி, இருக்கறதையே ஓட்டக் கூடாதா?" என்று கேட்டார் அம்மா. என் கணவரும் அதைத்தான் கேட்டார், கால்குலேட்டரோடு.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சிஓஇ முடியும்போது, கடந்த மூன்று மாதச் சராசரிக் கட்டணத்தைக் கட்டி இன்னும் 10 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். பாதியைக் கட்டினால் 5 ஆண்டு. மோட்டார்சைக்கிள் சிஓஇ 2022-இல்தான் முதன்முறையாக 10,000 வெள்ளியைத் தாண்டியது. நான் வண்டி தேடிய மாதங்களில் 9,000 வெள்ளியைச் சுற்றி இருந்தது. அதாவது 4,500 கட்டினால் பல்சர் இன்னும் 60 மாதம் ஓடும். மாதத்துக்கு 75 வெள்ளி. இஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யும் செலவைச் சேர்த்தாலும் 100-ஐச் சுற்றித்தான் வரும். பணம் மட்டுமே கணக்கென்றால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் அந்த லாரிக் காற்று கால்குலேட்டரில் ஏறாது. ஒரு நாள் அவரைப் பின்னால் உட்காரவைத்து அதே சாலையில், அதே நேரத்தில் கூட்டிப்போனேன். இறங்கியபோது அவர் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் கால்குலேட்டரை எடுத்து, "சரி, பெரிய வண்டியே பாப்போம். ஆனா புதுசா, பழசா?" என்றார்.

எங்களுக்கு இது சாதாரணக் கேள்வி அல்ல. தெங்காவில் பதிவுசெய்திருக்கும் வீவக வீட்டின் சாவி அடுத்த ஆண்டு இறுதியில் வரும். புதுப்பிப்பு வேலை, அறைகலன், வீட்டுக் கடன் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. வங்கியில் வீட்டுக் கடன் கேட்கும்போது நம்முடைய எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பைக்குக்குக் கட்டும் தவணையும் அந்தக் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இளம் தம்பதியர் பலர் இதை யோசிப்பதே இல்லை.

காக்கி புக்கிட், உபி வட்டாரக் கடைகளில் நான்கு சனிக்கிழமைகள் சுற்றினேன். துணைக்கு என் தம்பி. அவனுக்கு உரிமமே கிடையாது. ஆனாலும் ஒரு கடையில் விற்பனையாளர் இருபது நிமிடமும் அவனிடமே பேசிக்கொண்டிருந்தார். "ஓட்டப்போறது அக்கா" என்று இவன் மூன்று முறை சொன்ன பிறகு என் பக்கம் திரும்பி, "ஸ்கூட்டர் பாக்கிறீங்களா?" என்றார். அந்தக் கடைக்கு மறுபடி போகவில்லை.

இரண்டு வண்டிகள் மனத்தில் நின்றன. ஒன்று புதிய ராயல் என்ஃபீல்டு 350. சென்னைக்குப் பக்கத்தில் தயாராகி வருவது, உட்கார்ந்தாலே ஒரு நிதானம் வரும். இன்னொன்று பழைய ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர். 2ஏ படித்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் நாம் எட்டுப் போட்டதும் குறும்பலகை மேல் ஏறியதும் இந்த வண்டியில்தான். நான்கு சிலிண்டர், தாழ்வான இருக்கை. என் உயரத்துக்கு இரண்டு காலும் தரையில் படும். ஹோண்டா 2022-இல் இதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதனால் இனிப் பழையதுதான் கிடைக்கும்.

இனி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக் கணக்கு. விலைகள் எனக்குச் சொல்லப்பட்டவை. உங்களுக்கு வேறு மாதிரி வரலாம், ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

புதியது, சாலையில் ஓடத் தயாராக, 20,800 வெள்ளி. 120 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 173. பழைய சூப்பர் ஃபோர் 9,600 வெள்ளி, சிஓஇ மிச்சம் 40 மாதம். மாதம் 240. என்ன இது, பழையதுதானே விலை கூட என்று என் கணவர் இரண்டு முறை சரிபார்த்தார். கணக்கு சரிதான். பத்தாண்டும் வைத்து ஓட்டுகிறவருக்குப் புதிய வண்டிதான் மலிவு. கடன் வாங்கினால்கூட அப்படித்தான். முன்பணம் 4,000 போக 16,800-ஐ 5 விழுக்காடு நிலையான வட்டியில் ஐந்தாண்டுக்கு எடுத்தால், வட்டி 4,200, தவணை 350. மொத்தம் 25,000 ஆகும். அப்போதும் மாதத்துக்கு 208தான். (5 விழுக்காடு என்று கடையில் இனிமையாகச் சொல்வது முழுத் தொகைக்கும் கடைசிவரை போடும் வட்டி. குறைந்துகொண்டே வரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 9 விழுக்காடு.)

ஆனால் யார் ஒரு 2ஏ வண்டியைப் பத்தாண்டு வைத்திருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவர்கூட இல்லை. ஓராண்டு கழித்து 2ஆம் வகுப்பு எழுதுவார்கள், பெரிய வண்டிக்குப் போவார்கள். அல்லது குழந்தை பிறக்கும், வண்டியை விற்றுவிடுவார்கள். 2ஏ என்பது மாடிப்படியின் நடுவில் வரும் திருப்பம் மாதிரி. அங்கே யாரும் நாற்காலி போட்டு உட்காருவதில்லை.

ஆகவே இரண்டாண்டில் விற்றால் என்ன ஆகும் என்று கேட்டுப்பார்த்தேன். அதே மாதிரி புதிய வண்டியை இரண்டாண்டு கழித்துக் கொண்டுவந்தால் 13,000 முதல் 13,500 வரை தருவோம் என்றார்கள் இரண்டு கடைக்காரர்கள். ஏறத்தாழ 7,500 போய்விடும். மாதம் 310-க்கு மேல். கடன் வட்டியைச் சேர்த்தால் 400-ஐத் தாண்டும். சூப்பர் ஃபோரை அப்போது 16 மாத சிஓஇ மிச்சத்தோடு கொடுத்தால் 3,500 என்றார்கள். நான் 3,000 என்றே எழுதிக்கொண்டேன். இழப்பு 6,600, மாதம் 275. கடன் இல்லை, வட்டி இல்லை.

ஆக, புதியதா பழையதா என்ற கேள்வி உண்மையில் நான் எத்தனை ஆண்டு ஓட்டப்போகிறேன் என்ற கேள்விதான். அதற்குள் என்னென்னவோ இருந்தன: குழந்தை எப்போது, காலை நிகழ்ச்சி எதுவரை, அம்மா எங்களோடு தெங்காவுக்கு வருவாரா. ஒரு பைக் கணக்கில் தொடங்கி, இரவு 11 மணிக்கு நாங்கள் இருவரும் அதுவரை பேசாத பலவற்றைப் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு, அதிகம் போனால் மூன்று ஆண்டு என்று முடிவானது. பழையதுதான்.

பழையது என்று முடிவான பிறகு பார்க்க வேண்டியவை வேறு. முதலாவது, அந்த சிஓஇ எவ்வளவுக்கு எடுக்கப்பட்டது என்பது. வண்டியைப் பாதியில் பதிவுநீக்கினால், அன்று கட்டிய தொகையில் மிச்ச மாதங்களுக்கு உரியது திரும்பக் கிடைக்கும். கார்களுக்குக் கிடைக்கும் பதிவுக் கட்டணத் தள்ளுபடி மோட்டார்சைக்கிளுக்குக் கிடையாது, இது ஒன்றுதான் உண்டு. 2022-இல் 10,500-க்கு எடுத்த சிஓஇயில் 6 ஆண்டு மிச்சம் என்றால் அந்தத் தாளுக்கே 6,300 மதிப்பு. நான் பார்த்த சூப்பர் ஃபோர் 2019-இல் 3,500-க்கு எடுத்தது. 40 மாதத்துக்கு அதன் மதிப்பு 1,200 வெள்ளிகூட இல்லை. பதிவட்டையில் அந்த எண்ணைக் காட்டித்தான் 10,400 கேட்டவரை 9,600-க்கு இறக்கினேன்.

இரண்டாவது, ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்ட வண்டியா என்று பாருங்கள். அப்படியென்றால் மறுபடி புதுப்பிக்க முடியாது. முடியும் நாளில் வண்டி சாலையை விட்டுப் போக வேண்டியதுதான். விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் பல சமயம் இதுதான்.

ஏபிஎஸ் பிரேக் இல்லாத இரண்டு வண்டிகளை, மலிவாக இருந்தும், நான் பரிசீலிக்கவே இல்லை. டிசம்பர் மழையில் இருட்டில் ஓட்டுகிறவளுக்கு அதில் பேரம் கிடையாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23ஆவது வாரம் செய்தது. பள்ளம் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, சங்கிலி, பல்சக்கரம், அனுமதியில்லாத சைலன்சர் ஆகியவற்றையும் பாருங்கள். மூன்று வயது தாண்டிய மோட்டார்சைக்கிள் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதால், சைலன்சர் சிக்கல் உங்கள் தலையில் விழும். முக்கியமாக, நீங்கள் போகும் முன் இஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இஞ்சின் பொய் சொல்லாது.

ஜோகூரில் இருக்கும் பெரியம்மா மகன் இந்த விலைகளைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இங்க வாங்கிட்டுப் போம்மா" என்றார். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பதிவான வண்டியை இங்கே ஓட்ட முடியாது, அண்ணா. அம்மா வேறு ஒரு யோசனை சொன்னார்: "இவ்வளவு செலவுக்குப் பேசாம ஒரு காரே வாங்கிடலாமே!" கார் சிஓஇ மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் வெள்ளி என்றதும், நீங்களே ஏதோ செய்யுங்கள் என்று தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டார்.

கடைசியில் வண்டியை விற்றவர் ஒரு தனிநபர், உட்லண்ட்ஸ்வாசி. மனைவிக்கு ஏழு மாதம் என்றார். அவர் பெயரில் வண்டிக் கடன் பாக்கி இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகு, அவர்கள் வீட்டுக்குக் கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்து, சிங்பாஸ் வழியாக நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் பெயரை மாற்றினோம். காப்புறுதியை அதற்கு முன்பே எடுத்திருந்தேன். பல்சரில் சேர்த்துவைத்த, இழப்பீடு கோராததற்கான 20 விழுக்காட்டுக் கழிவு இதற்கும் மாறி வந்தது. பல்சரைக் கடைக்காரர் ஒருவர் 700 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டார். அதில் இரண்டு புது டயர் போட்டேன், மிச்சத்தில் கணவருக்கு ஒரு தலைக்கவசம். பின்னால் உட்கார மாட்டேன் என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.