ஒடியற் கூழ்: ஒரு பானையில் முழு உணவு

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களின் உணவு வகைகளுள் ஒடியற் கூழ் தனிச்சிறப்பு வாய்ந்தது. பனங்கிழங்கை உலர்த்தி இடித்த மா, கடலேரியிற் பிடிபடும் நண்டு, இறால், மீன், வீட்டுத் தோட்டத்து மரக்கறிகள், வேலியோரத்து முருங்கையின் இலை ஆகிய யாவும் ஒரே பானையில் வெந்து, குடும்பத்தினர் அனைவருக்கும் ஒருவேளைக்குப் போதிய உணவாக அமைகின்றன. சோறு வேறு, கறி வேறு என ஆக்கவேண்டிய தேவை இதில் இல்லை. விறகும் நேரமும் மிச்சமாகின்றன.

ஆடிப்பிறப்பன்று காய்ச்சப்படும் ஆடிக்கூழையும் இதனையும் ஒன்றென எண்ணுதல் கூடாது. ஆடிக்கூழ் அரிசிமா, பனங்கட்டி, தேங்காய்ப்பால் முதலியன சேர்ந்த இனிப்புக் கூழாகும். ஒடியற் கூழோ உறைப்பும் புளிப்பும் பொருந்தியது. மாரிக்காலத்தின் ஈரத்திலும் குளிரிலும் உடலுக்கு இதமளிப்பது.

இலங்கையில் உண்ணப்படும் கோதுமை மா முழுவதும் பிறநாட்டுத் தானியத்திலிருந்தே கிடைக்கின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது அம்மாவின் விலை பன்மடங்காக ஏறியதையும், சமையல் எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றதையும் எவரும் மறந்திருக்கமாட்டார். அத்தகைய காலத்திற் கைகொடுக்கக்கூடிய மா நம் காணியிலேயே விளைகின்றது. எனினும், கசக்கும் என்றும், கட்டிபடும் என்றும் கூறி ஒடியல் மாவைக் கைவிட்ட குடும்பங்கள் பல. இக்குறைகளுக்குக் காரணம் மா அன்று. அதனைக் கையாளும் முறையே. முறையறிந்து ஆக்குவோருக்கு இவ்விரு குறைகளும் நேரா.

ஒடியல் ஆவது யாது

பனம்பழத்தின் விதைகளை மணற்பாங்கான நிலத்திற் பாத்தியாக அடுக்கி, மேலே மண் பரப்பிவிட்டால், முளை கீழ்நோக்கிச் சென்று கிழங்காகத் திரள்கின்றது. மூன்று நான்கு திங்களிற் கிழங்கு முற்றும். ஆவணி, புரட்டாதியில் இட்ட பாத்தியைத் தை மாதமளவிற் கிண்டலாம். காலந்தாழ்த்தினால் குருத்து வெளிப்பட்டுக் கிழங்கு நார்ப்பற்றிவிடும்.

கிண்டிய கிழங்கின் தோலை நீக்கி, நெடுக்காக இரண்டாகப் பிளந்து, அவிக்காமல் வெயிலில் உலர்த்தி எடுப்பது ஒடியல். அவித்தபின் உலர்த்துவது புழுக்கொடியல். புழுக்கொடியலை அப்படியே கடித்துண்ணலாம். இடித்து மாவாக்கியும் உண்ணலாம். கூழுக்கும் பிட்டுக்கும் வேண்டுவது ஒடியலின் மாவே. இரண்டினையும் மாற்றிப் பயன்படுத்துதல் தவறு. புழுக்கொடியல் மா கூழுக்கு வேண்டிய தடிப்பைத் தராது.

மாவைத் தெரிதலும் பேணுதலும்

நன்கு உலர்ந்த ஒடியல் முறிக்கும்போது ஓசையுடன் முறியும். வளைந்து கொடுக்குமாயின் அதில் ஈரம் எஞ்சியுள்ளது என்பது பொருள். ஈரத்தோடு கட்டிவைக்கும் ஒடியலிற் பூஞ்சணம் பிடிக்கும். பச்சை, கருமை, மஞ்சள் ஆகிய நிறங்களிற் பூஞ்சணம் படர்ந்த துண்டுகளைத் துடைத்துப் பயன்படுத்தலாகாது. அவற்றை முழுவதும் எறிந்துவிடுதல் வேண்டும். பூஞ்சணத்தின் நஞ்சு சமைப்பதனால் முற்றாக நீங்கிவிடுவதில்லை.

ஒடியலை மாவாக இடித்து நெடுங்காலம் வைப்பதினும், ஒடியலாகவே மூடியுள்ள தகரத்திலோ மண்சாடியிலோ வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு இடித்துக்கொள்வது நன்று. இடைக்கிடை வெயிலிற் காயவிட்டால் வண்டு விழாது. இடித்த மாவை அரிதட்டில் அரித்து, தும்பை நீக்கிக் கொள்க. கடையில் வாங்குவோர் மா வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கின்றதா எனவும், முடைநாற்றம் உண்டா எனவும் பார்த்து வாங்குக.

கசப்பு நீக்குதல்

ஒடியல் மாவில் இயல்பாகவே ஒருவகைக் கசப்பு உண்டு. முன்னோர் மாவை நீரில் ஊறவைத்து, மேலே தெளிந்த நீரை வடித்தெறிந்த பின்னரே சமைத்தனர். இது சுவையை மட்டும் நோக்கிய வழக்கம் என்று தள்ளத்தக்கதன்று. பனங்கிழங்கு மாவை எலிகளுக்கு ஊட்டி நடத்தப்பெற்ற ஆய்வுகளில் அவற்றின் ஈரலுக்குக் கேடு விளைந்தமை காணப்பட்டது. ஆகவே ஊறவைத்தல், நீரை வடித்தல், நன்கு கொதிக்கவைத்தல் ஆகிய மூன்றினுள் ஒன்றையேனும் அவசரத்தினால் விட்டுவிடுதல் கூடாது.

மாவை அகன்ற பாத்திரத்தில் இட்டு, அதனைப்போல் ஐந்து ஆறு மடங்கு நீர் விட்டுக் கையாற் கரைத்து வைக்க. இரண்டு மணித்தியாலத்தில் மா அடியிற் படியும். மேலுள்ள நீரைச் சரித்து ஊற்றிவிட்டுப் புதுநீர் விடுக. இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தபின் நீர் தெளிவாக நிற்கும். வடித்த நீரை ஆடுமாடுகளுக்கு வைக்காமற் கொட்டிவிடுக. மாலையிற் கூழ் காய்ச்ச எண்ணுவோர் காலையிலேயே மாவை ஊறவைத்தல் வசதியானது.

வேண்டிய பொருட்கள்

எட்டுப் பேருக்குப் போதிய அளவு பின்வருமாறு:

ஒடியல் மா – 250 கிராம்
அரிசி – 50 கிராம்
நண்டு – நடுத்தர அளவில் 4
பாரை, விளைமீன், திருக்கை முதலியவற்றுள் ஒன்று – 500 கிராம்
இறால் – 200 கிராம்
பயற்றங்காய் – 150 கிராம்
மரவள்ளிக்கிழங்கு – 250 கிராம்
பலாக்கொட்டை – 20
முருங்கையிலை – இரண்டு கைப்பிடி
செத்தல் மிளகாய் – 12
மிளகு, நற்சீரகம் – ஒவ்வொரு தேக்கரண்டி
உள்ளி – 6 பல்லு
மஞ்சள் தூள் – ஒரு தேக்கரண்டி
பழப்புளி – தேசிக்காயளவு
உப்பு – அளவிற்கு
நீர் – ஏறக்குறைய 3 இலீற்றர்

இவ்வளவுகள் ஒரு வழிகாட்டியே. அன்றன்று கிடைப்பதைக் கொண்டு ஆக்குவதே கூழின் இயல்பு. நண்டு கிடையாதபோது மீன்தலையும், பலாக்கொட்டை கிடையாத காலத்திற் பயறும் அவ்விடத்தை நிரப்பும். ஆயினும் மாவுக்கும் நீருக்கும் உள்ள அளவை மட்டும் மாற்றாதிருத்தல் நன்று.

முன்னாயத்தம்

மரவள்ளிக்கிழங்கைக் கிண்டிய அன்றே பயன்படுத்துக. உள்ளே நீலக்கோடு ஓடிய கிழங்கை விலக்குக. தடித்த தோலை முற்றாக நீக்கிச் சிறு துண்டுகளாக்கி, மூடாத பாத்திரத்தில் அவித்து, அந்நீரை வடித்துவிடுக. கிழங்கில் உள்ள நஞ்சு இதனாற் பெரிதும் வெளியேறும். பலாக்கொட்டையின் மேற்கோதை நீக்கி, உள்தோலைச் சுரண்டி, இரண்டாகப் பிளந்துகொள்க. பயற்றங்காயை ஓர் அங்குல நீளத்தில் முறித்துவைக்க.

நண்டைக் கழுவி ஓடு கழற்றி, பூவை அகற்றிப் பாதியாக வெட்டுக. கால்களைத் தட்டி உடைத்துவிட்டால் சாறு கூழில் இறங்கும். மீனைத் தெரியும்போது முள் சிறிதாகவும் நிறைந்தும் உள்ள இனங்களைத் தவிர்க்க. தடித்த கூழில் முள் கண்ணுக்குத் தெரியாது, சிறுவரின் தொண்டையிற் சிக்கும். வலையிற் கலந்து வரும் பேத்தை மீனைச் சிறிதளவேனும் சேர்த்தலாகாது. அதன் நஞ்சு கொதிக்கவைப்பதனால் நீங்காது, உயிருக்கே ஆபத்தாகும்.

செத்தல் மிளகாய், மிளகு, நற்சீரகம், உள்ளி ஆகியவற்றை அம்மியில் மைபோல் அரைத்துக்கொள்க. புளியைச் சிறிது நீரிற் கரைத்து வடித்துவைக்க.

ஆக்கும் முறை

வாயகன்ற மண்பானை கூழுக்கு மிகப் பொருத்தமானது. அது சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும்; புளியோடும் பகைக்காது. மண்பானை இல்லாதோர் எவர்சில்வர்ப் பாத்திரத்தைப் பயன்படுத்தலாம்.

1. பானையில் இரண்டரை இலீற்றர் நீர் கொதித்ததும், கழுவிய அரிசியையும் பலாக்கொட்டையையும் இட்டு, அரை வேக்காடு வரை வேகவிடுக.

2. பின்னர் பயற்றங்காயையும் அவித்த மரவள்ளியையும் மஞ்சளையும் உப்பையும் சேர்க்க. மரக்கறி மெத்தென்று வேகுமுன் புளி விடலாகாது. புளி சேர்ந்தபின் மரக்கறி எளிதில் வேகாது.

3. மரக்கறி வெந்தபின் நண்டையும் மீனையும் இட்டு, அரைத்த கூட்டையும் புளிக்கரைசலையும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிடுக.

4. நீர் வடித்த மாவை அரை இலீற்றர் குளிர்ந்த நீரிற் கட்டியின்றிக் கரைக்க. நெருப்பைத் தணித்து, ஒரு கையால் அகப்பையைச் சுழற்றியவண்ணம் மற்றக் கையால் மாக்கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றுக.

5. மா சேர்ந்தபின் குறைந்தது இருபது நிமிடம் மெல்லிய நெருப்பிற் கொதித்தல் வேண்டும். அடியைத் தொட்டுத் துழாவிக்கொண்டே இருத்தல் அவசியம். இடையில், பத்து நிமிடம் சென்றதும், இறாலை இடுக. இறால் நெடுநேரம் வெந்தால் இறுகிவிடும்.

6. இறக்குவதற்கு ஐந்து நிமிடத்தின் முன் முருங்கையிலையைச் சேர்த்துக் கிளறுக. உப்பும் உறைப்பும் பார்த்து இறக்குக.

பச்சை மாவின் மணம் நீங்கி, மீனும் புளியும் ஒன்றிய மணம் எழுவதே கூழ் வெந்ததற்கு அடையாளம். அகப்பையில் எடுத்து ஊற்றும்போது நீர்போலச் சிந்தாமலும் களிபோலத் திரண்டு விழாமலும், தடித்த குழம்புபோல் ஒழுகுதல் வேண்டும். ஆறும்போது கூழ் மேலும் தடிக்குமாதலால், இறக்கும்போது சற்று இளக்கமாக இருத்தலே சரி.

நேரும் பிழைகள்

கூழ் கட்டிபடுதற்குக் காரணம், மாவைச் சுடுநீரிற் கரைத்தல் அல்லது கொதிக்கும் பானையில் ஒருமிக்கக் கொட்டுதல் ஆகும். சூடு பட்டதும் மாவின் வெளிப்புறம் உடனே வெந்து உறையாகிவிட, உள்ளே பச்சை மா அகப்பட்டுக்கொள்கின்றது. குளிர்ந்த நீரிற் கரைத்து மெல்ல ஊற்றினால் இது நேராது.

அடிப்பிடித்தல் நெருப்பின் மிகுதியால் வருவது. அடிப்பிடித்துவிட்டால் கீழ்ப்பகுதியைச் சுரண்டாமல், மேலுள்ள கூழை வேறு பாத்திரத்துக்கு மாற்றுக. கூழ் மிகத் தடித்துவிடின் கொதிநீரே சேர்க்க வேண்டும். பச்சைத் தண்ணீர் சேர்த்தலாகாது. கசப்பு எஞ்சியிருப்பின் மா போதிய அளவு ஊறவில்லை என அறிக. புளியையும் உறைப்பையும் கூட்டி அக்கசப்பை மறைக்க முயலாது, அடுத்த முறை ஒரு தடவை கூடுதலாக நீர் மாற்றுக.

மீன் சேர்க்காத கூழ்

சைவ உணவினர் மீன் வகைகளை விலக்கி, பலாக்கொட்டையை இரட்டித்து, ஊறவைத்த கடலை அல்லது பயறு 150 கிராம் சேர்த்து ஆக்கலாம். கடலையை முதலில் தனியே அவித்தபின் பானையில் இடுக. கத்தரிக்காய், பூசணிக்காய் முதலியனவும் இதற்கு ஏற்றவை.

உணவுப் பயன்

ஒடியல் மா பெரும்பாலும் மாச்சத்தையும் நார்ப்பொருளையும் உடையது. உடலை வளர்க்கும் புரதம் அதிற் குறைவு. அக்குறையை மீனும் நண்டும் இறாலும், அல்லது கடலையும் பயறும் நிறைவுசெய்கின்றன. முருங்கையிலை சுண்ணாம்புச்சத்தையும் இரும்புச்சத்தையும் உயிர்ச்சத்து ‘ஏ’யையும் தருகின்றது. வெறும் மாவையும் புளியையும் மட்டும் காய்ச்சி, மற்றவற்றைக் குறைத்துவிட்டால் வயிறு நிறையுமேயன்றி உடல் நிறையாது. செலவைச் சுருக்க வேண்டியபோது விலையுயர்ந்த இறாலைக் குறைக்கலாம். இலையையும் பயறையும் குறைத்தல் தகாது.

நண்டும் இறாலும் சிலரது உடலுக்கு ஒவ்வாதன. அத்தகையோருக்கு அவை சேர்க்காத பானையிலேயே கூழ் ஆக்குதல் வேண்டும். கைக்குழந்தைகளுக்கு இதனை ஊட்டலாகாது. காய்ச்சிய கூழை அன்றே குடித்து முடித்தல் நன்று. குளிர்சாதனப் பெட்டி உள்ளோர் அதில் வைத்து மறுநாள் நன்கு கொதிக்கவைத்துக் குடிக்கலாம்.

முன்னாளிற் பனையோலையாற் கோலிய பிளாவில் கூழை வார்த்து, தேங்காய்ச்சொட்டைக் கடித்துக்கொண்டு, குடும்பத்தார் யாவரும் முற்றத்தில் ஒருங்கிருந்து குடிப்பர். இன்றும் அவ்வழக்கம் பல வீடுகளில் உண்டு.

பாத்தி போடுதல்

கூழ்ப்பானை நிறையவேண்டுமாயின் பாத்தி முதலில் நிறையவேண்டும். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரிற் பெருந்தொகையான பனைகள் அழிந்தன. புதிய வடலி காய்த்துப் பயன்தரப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குமேற் செல்லும். ஆனால் நிற்கும் பனைகளின் கீழ் ஆண்டுதோறும் உதிர்ந்து வீணாகும் விதைகளைக் கூட்டி இடும் பாத்தியோ நான்கு திங்களில் உணவு தருகின்றது. 1978ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பனை அபிவிருத்திச் சபை பனம் பொருட்களின் ஆக்கத்தையும் விற்பனையையும் ஊக்குவித்து வருகின்றது.

பனங்காணி உடைய ஒவ்வொரு குடும்பமும் பழம் விழுங்காலத்தில் விதைகளைச் சேர்த்து ஒரு பாத்தியேனும் போடுக. கிழங்கில் ஒரு பகுதியை அவித்துண்டு, மறுபகுதியை மாசி, பங்குனி வெயிலில் ஒடியலாக்கிச் சேமித்துக்கொள்க. பாத்தியின் ஓரத்திற் சில முளைகளைக் கிண்டாது விட்டு, மாரியில் அவற்றை எல்லையோரத்தில் வடலிகளாக வளரவிடுதலும் வேண்டும்.