பி.பி.வாடியா: ஒரு வழக்கும் ஒரு சட்டமும்

பெங்களூர் பசவனகுடியில் பி.பி.வாடியா சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒரு காலத்தில் சென்னை பெரம்பூர்ப் பக்கம் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டியவர் என்பது அந்தச் சாலையில் போகிற பலருக்குத் தெரியாது.

பம்பாய்ப் பார்சி, பிரம்மஞான சபைக்காரர், அன்னி பெசன்ட்டின் நியூ இந்தியா பத்திரிகையில் வேலை. 1917-ல் பெசன்ட், அருண்டேலுடன் சேர்த்து இவரையும் அரசு ஊட்டியில் காவலில் வைத்தது. ஆலைத் தொழிலுக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு உள்ளூர்க்காரர்கள்தான் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் இவரைக் கூப்பிட்டார்கள். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் (நம்ம ஊர்ப் பேச்சில் பின்னி மில்) மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் என்பது அன்றைய பெரிய குறைகளில் ஒன்று. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். திரு.வி.க.வும் பொறுப்பில் இருந்தார்.

பம்பாயில் லோகாண்டே 1890-லேயே ஆலைத் தொழிலாளர் சங்கம் நடத்தினாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு உறுப்பினர் பட்டியலோ சந்தாவோ கிடையாது. சென்னைச் சங்கத்துக்கு இரண்டும் இருந்தன.

1920 அக்டோபரில் ஆலை கதவடைத்தது. டிசம்பரில் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. ஆனால் சங்கத்தை உண்மையில் ஆட்டம் காண வைத்தது நீதிமன்றம். தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று வாடியா மீதும் மற்ற தலைவர்கள் மீதும் நிர்வாகம் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றமும் தடை உத்தரவு கொடுத்துவிட்டது!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இதே வழக்கை அதே வெள்ளைக்கார முதலாளி லண்டனில் போட்டிருந்தால் நின்றிருக்காது. 1901-ல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில் சங்கம் நஷ்ட ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்து, பெரிய எதிர்ப்புக் கிளம்பி, 1906-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. தொழில் தகராறில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று மட்டும் சொல்லி அன்று அங்கே யார் மீதும் வழக்குப் போட முடியாது என்று ஆகியிருந்தது. எங்கள் பாஷையில் சொன்னால், பக்கைச் சரி செய்தாயிற்று, ஆனால் இந்திய சர்வரில் அதை இன்ஸ்டால் செய்யவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை.

கடைசியில் சமரசம். வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டும், நிர்வாகம் நஷ்ட ஈட்டைக் கைவிடும். அவர் பணிந்துபோனார் என்று குறை சொல்வது சுலபம். அந்தத் தொகை சங்கத்தின் தலையில் விழுந்திருந்தால் சங்கமே மிஞ்சியிருக்காது என்பது என் கணிப்பு.

இந்த வழக்கு நாடு முழுக்கப் பேசப்பட்டது. 1921-லேயே என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்பு கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். வாஷிங்டனில் 1919-ல் நடந்த முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்கு வாடியா போனது இவருக்கு ஆலோசகராகத்தான். சட்டம் வர 1926 ஆனது. அதன் 18-ம் பிரிவு, பதிவு பெற்ற சங்கத்தின் மீது இப்படிப்பட்ட சிவில் வழக்குகள் போடுவதைத் தடுத்தது. 22-ம் பிரிவைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சங்க நிர்வாகிகளில் பாதிப் பேராவது அந்தத் தொழிலில் இருப்பவராக இருக்க வேண்டும் என்று அன்று எழுதியிருந்தார்கள். அப்படியானால் மீதிப் பாதி, வாடியா மாதிரி வெளியாளாக இருந்திருக்கலாம்!

அதற்குள் வாடியா வேறு பாதைக்குப் போயிருந்தார். 1922-ல் பிரம்மஞான சபையையும் விட்டார். 1945-ல் பெங்களூரில் உலகப் பண்பாட்டு நிறுவனம் தொடங்கி, 1958-ல் இறக்கும்வரை ஆன்மிக எழுத்திலேயே இருந்தார். தொழிற்சங்கத்தில் அவர் இருந்தது மூன்று வருஷம்கூட முழுசாக இல்லை.